பழுப்பு வெள்ளை வீடும் ஒன்றரை அங்குலப் படியும்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஹாலில் இருந்து பின்பக்க யூட்டிலிட்டிக்குப் போகிற வழியில் அம்மா கால் பிசகி விழுந்துவிட்டார். கையில் இருந்த பித்தளைச் சொம்பு உருண்டுபோய் வாஷிங் மெஷினில் முட்டின சத்தம் கேட்டுத்தான் நான் லேப்டாப்பை விட்டு எழுந்து ஓடினேன். நல்லவேளை, எலும்பு முறிவு எதுவும் இல்லை. மணிக்கட்டில் வீக்கம், பத்து நாள் கட்டு. "அங்க படி இருக்கறதே தெரியலடா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படி நாங்கள் வைத்ததுதான். உயரம் ஒன்றரை அங்குலம். அது கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நாங்கள் பண்ணின வேலைதான். அதற்காக மூன்று மாசம் உட்கார்ந்து ஷேட் கார்டு பார்த்திருக்கிறோம்.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். அசோக் நகரில் நாங்கள் இருப்பது எண்பதுகளில் கட்டின மூன்று மாடி அப்பார்ட்மெண்ட். லிஃப்ட் கிடையாது, இரண்டு பெட்ரூம், கீழே மொசைக் தரை. அசோக் நகர் அறுபதுகளில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கின பகுதி. அதனால் அவென்யூ, தெரு என்று எண் போட்டுக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும். முதலில் தனி வீடுகளாக இருந்த மனைகள் பிறகு ஒவ்வொன்றாக இப்படிச் சின்னச் சின்ன அப்பார்ட்மெண்ட்டுகளாக மாறின. எங்களுடையதும் அந்த ரகம்தான்.

இரண்டு வருஷம் முன்னால் அப்பா தவறின பிறகு அம்மா எங்களோடு வந்தார். அதையொட்டித்தான் வீட்டைச் சரி பண்ணலாம் என்று ஆரம்பித்தோம். என் மனைவிக்கு ஒரே ஒரு ஆசை: வீடு அமைதியாக இருக்க வேண்டும். அவள் மேற்கு மாம்பலத்தில் இரண்டு ரூமில் ஒன்பது பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள். அலமாரிக்கு மேலே பெட்டி, பெட்டிக்கு மேலே பாய், பாய்க்கு மேலே அண்ணனின் கேரம் போர்டு. "ஆபீஸ்ல இருந்து வந்தா கண்ணுக்கு ஓய்வு வேணுங்க. எதைப் பாத்தாலும் அது என்னை வேலை செய்யச் சொல்லக் கூடாது" என்றாள். இதைவிட நல்ல காரணத்தை எந்த இன்டீரியர் டிசைனரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் இந்தக் கட்டுரையை மினிமலிசத்துக்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, இருவரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். சுவர் பழுப்பு வெள்ளை, தரை ஐவரி, கதவும் அலமாரியும் வெளிறின மர நிறம், திரை ஓட்ஸ் கஞ்சி நிறம். அம்மாவின் பித்தளை அண்டா, குடம், அடுக்கு எல்லாம் பரணுக்குப் போச்சு. சொம்பை மட்டும் அவர் தரவில்லை.

பெயிண்ட் கடையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே சொல்லியே ஆகணும். ஷேட் மெஷினில் பழுப்பு வெள்ளை எப்படிக் கலக்கிறார்கள் என்று நின்று பார்த்தேன். வெள்ளை பேஸ் டப்பா ஒன்று. அதில் மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம், சிவப்பு ஆக்சைடு சில சொட்டு, கருப்பு ஒரு சொட்டு. மூடிக் குலுக்கினால் தீர்ந்தது. மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் இரும்பு ஆக்சைடு வகைகள். நம்ம ஊர் மஞ்சக்காவி, செங்காவியில் நிறம் தருவதும் அதே பொருள்தான். கருப்பு என்பது கரி. எவ்வளவு ஸ்டைலான பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது காவியும் கரியும் வெள்ளையும்தான். பொங்கலுக்குச் சுண்ணாம்பில் காவி கலந்து அடித்த தாத்தா காலத்து ஷேட்டைத்தான் லிட்டருக்கு நானூறு, ஐநூறு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் வெள்ளை மட்டும் வேறு. சின்ன வயசில் வெள்ளையடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். அடித்த உடனே சுவரில் ஒன்றுமே தெரியாது, ஏதோ தண்ணி தெளித்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பளிச்சென்று வெளுத்திருக்கும். காரணம் ஒளிவிலகல் எண். சுண்ணாம்புத் துகளுக்கு அது 1.6 பக்கம், தண்ணீருக்கு 1.33. இரண்டுக்கும் வித்தியாசம் கம்மி என்பதால் ஈரமாக இருக்கும்போது ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. காய்ந்ததும் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் இருந்த இடத்தில் காற்று வந்துவிடுகிறது. அதன் எண் 1. வித்தியாசம் கூடுகிறது, ஒளி சிதறுகிறது, நமக்கு வெள்ளை தெரிகிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெதுவாக இறுகுவது தனிக் கதை.

இப்போதைய எமல்ஷனில் துகளைச் சுற்றிக் காற்று இல்லை, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பிசின் இருக்கிறது. அதன் எண் 1.5. அதற்குள் சுண்ணாம்பைப் போட்டால் பாதி கண்ணாடி மாதிரித்தான் தெரியும். அதனால் டைட்டானியம் டை ஆக்சைடு போடுகிறார்கள். அதன் ரூட்டைல் வடிவத்துக்கு எண் 2.7. வைரத்தை விட அதிகம். பிசினுக்குள் முங்கிக் கிடந்தாலும் ஒளியைச் சிதறடிக்கும். இதன் மூலப்பொருளான இல்மனைட் கேரளா, கன்னியாகுமரிக் கடற்கரைகளின் கருப்பு மணலில்தான் கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946-லேயே வந்தாச்சு. கருப்பு மணலில் இருந்து இவ்வளவு வெள்ளையான பெயிண்ட் வருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கே ஒரு வெள்ளை இருந்தது. 'மெட்ராஸ் சுன்னம்' என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது, கடல் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புப் பூச்சு. கடைசிக் கோட்டில் முட்டை வெள்ளைக் கரு மாதிரியான சாமான்கள் சேர்த்துக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கடற்கரைப் பக்கம் வந்து இறங்கினவர்கள் அதைப் பளிங்கு என்றே நினைத்தார்கள் என்பார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் அந்தக் குளிர்ச்சி இப்போதும் தெரியும்.

திரும்ப எங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதல் தப்பு வெளிச்சத்தில் நடந்தது. நாங்கள் போனில் சேமித்து வைத்திருந்த படங்கள் பெரும்பாலும் டென்மார்க், ஸ்வீடன் வீடுகள். கோபன்ஹேகன் இருப்பது 55 டிகிரி வடக்கில். டிசம்பர் கடைசியில் அங்கே நடுப்பகல் சூரியனே அடிவானத்துக்கு மேல் 11 டிகிரிதான் ஏறும். கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தையும் பிடித்து வைத்து ரூம் முழுக்கப் பரப்ப வேண்டும். அதற்குத்தான் அந்த வெளிறின சுவர், வெளிறின தரை, வெளிறின மரம். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. அதே டிசம்பரில் இங்கே சூரியன் 53 டிகிரிக்கு ஏறுகிறது. ஏப்ரல் கடைசியில் தலைக்கு நேர் மேலே வந்து, ஆகஸ்ட் நடு வரைக்கும் நடுப்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. நமக்கு வெளிச்சம் போதாத பிரச்சினை இல்லை, அது கண்ணைக் கூசுகிற பிரச்சினை. பளபளப்பான ஐவரி டைல் மேல் மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தால் ஹால் மொத்தமும் கண்ணாடி மாதிரி மின்னும். நாலு மணிக்குத் திரை போட வேண்டும். திரை போட்டால் லைட் போட வேண்டும்.

லைட்டில் இன்னொரு கூத்து. கடையில் ஷேட் கார்டை வெயிலில் பிடித்துப் பார்த்தோம், அருமையாக இருந்தது. வீட்டில் 6500 கெல்வின் டியூப் லைட்டில் அதே சுவர் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. மனைவி 3000 கெல்வின் வாங்கிப் போட்டாள், சுவர் உயிர் பெற்றது. அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கரண்ட் லோ வோல்டேஜா? வீடு அழுது வடியுது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் வெளிச்சம் பத்தவில்லை என்று சொன்னதை ரசனைக் குறைவாக எடுத்துக்கொண்டோம். எழுபத்தி மூணு வயசு அம்மாவுக்கு என்று சரி பண்ண ஆரம்பித்த வீடு அது, ஞாபகம் இருக்கட்டும்.

வயசானால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் படித்தது அவர் விழுந்ததற்கு அப்புறம்தான். கண்ணின் லென்ஸ் வருஷம் ஏற ஏற மஞ்சளாகிறது. நீல ஒளியை அதிகம் தடுக்கிறது. பாப்பாவும் முன்போல் விரிவதில்லை. இருபது வயசுக்காரர் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் அறுபது வயசுக்காரருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படுகிற கணக்கு. கண்புரை வந்துவிட்டால் இன்னும் மோசம். லென்ஸ் மங்கலாகி ஒளியைச் சிதறடிக்கும். கூச்சம் கூடும், பக்கத்துப் பக்கத்து நிறங்களின் வித்தியாசம் கரைந்துபோகும். பிரெஞ்சு ஓவியர் மோனேக்குக் கண்புரை முற்றினபோது படங்கள் சிவப்பும் பழுப்புமாகக் கலங்கின. 1923-ல் அறுவை சிகிச்சை பண்ணிக்கொண்டார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்திருக்கிறது. "கண்ணாடி மாத்தணும்டா" என்று அவர் சொன்னதை நான் ஆறு மாசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். புரோஜெக்ட் டெலிவரி. வேறு என்ன காரணம் சொல்வேன்.

இப்போது அந்தப் படி. மொசைக்கை உடைக்க வேண்டாம், மேலேயே டைல் ஒட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். தூசி இல்லை, செலவு கம்மி. ஹால் தரை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் உயர்ந்தது. எல்லாக் கதவுக்கும் அடியில் இழைக்க வேண்டி வந்தது. யூட்டிலிட்டியில் மட்டும் கழிவுநீர்க் குழாய் ஒழுகினதால் பழைய தரையை உடைத்து வாட்டம் சரி பண்ணிப் புதிதாகப் போட்டோம். அங்கே தரை உயரவே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கிவிட்டது. நடுவில் ஒன்றரை அங்குலம். முழுப் படியாக இருந்தால் காலே உஷாராகும். இந்த அரைகுறைப் படியை உடம்பு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அதற்கு மேல் "ஒரே டைலா போனாதான் வீடு பெருசா தெரியும்" என்று இரண்டு பக்கமும் ஒரே ஐவரி. ஓரத்துக்கும் அதே நிற கிரவுட்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது: இதே தப்பை ஆபீஸில் யாராவது பண்ணினால் நான் பக் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். வெப்சைட்டில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போட்டால் அக்ஸஸிபிலிட்டி சோதனையில் தேறாது. அதற்கு உலக அளவில் ஒத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 ஆவது இருக்கணும், பெரிய எழுத்துக்கும் பட்டனுக்கும் 3-க்கு 1. பதினைந்து வருஷமாக அடுத்தவர் ஸ்கிரீனுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறவன், சொந்த வீட்டுத் தரைக்குப் பார்க்கவில்லை.

கட்டடத்துறையிலும் இதே மாதிரி ஓர் அளவு இருக்கிறது. எல்ஆர்வி என்பார்கள், ஒரு பரப்பு தன் மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற எண். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. சில பெயிண்ட் கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் இதைப் போடுகிறார்கள், கேட்டால் தருவார்கள். பார்வை குறைந்தவர்களுக்காகப் பிரிட்டனில் பின்பற்றும் வழிகாட்டுதல், பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே 30 புள்ளி வித்தியாசமாவது வேண்டும் என்கிறது. தரைக்கும் சுவருக்கும், கதவுக்கும் கைப்பிடிக்கும், படிக்கும் படி விளிம்புக்கும்.

நான் வீட்டிலேயே தோராயமாக அளந்தேன். முறை ரொம்ப எளிது. அளக்க வேண்டிய இரண்டு பரப்புகளையும் ஒரு வெள்ளை ஏ4 தாளையும் ஒரே வெளிச்சத்தில் ஒரே போட்டோவில் எடுக்கணும். தனித்தனியாக எடுத்தால் போன் தானாக எக்ஸ்போஷரை மாற்றிக் கெடுத்துவிடும். பிறகு ஒவ்வொரு இடத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்களை எடுத்து, காமா திருத்தத்தை நீக்கி, 0.2126, 0.7152, 0.0722 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டினால் ஒளிர்வு. தாளை 85 என்று வைத்துக்கொண்டு மற்றதை அந்த விகிதத்தில் மாற்றினேன். லேப் துல்லியம் கிடையாது, பளபளப்பான பரப்பில் இன்னும் பிசகும். நமக்கு இது போதும். பத்து வரி பைத்தான்.

வந்த எண்கள்: ஹால் டைல் 72, யூட்டிலிட்டி டைல் நிழலில் இருப்பதைக் கழித்தால் அதேதான், சுவர் 78, கதவு 66. அதாவது வீடு முழுக்க 12 புள்ளிக்குள் அடக்கம். வெப்சைட் கணக்குப்படி சுவருக்கும் தரைக்கும் விகிதம் 1.08. ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நமக்கு அமைதியா இருந்தது அத்தைக்கு மூட்டமா இருந்திருக்கு" என்றாள்.

அதற்காக நியூட்ரல் நிறமே தப்பு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. காரணம் பாண்டிச்சேரியில் இருக்கிற ஒரு கட்டடம். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டே. ஆபரணம் எதுவும் இல்லாத, வெறும் கான்கிரீட், கல், மரம், சுண்ணாம்பு. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த நவீனக் கட்டடங்களில் மிக முற்பட்டது என்று கட்டடக்கலை மாணவர்களுக்குச் சொல்லித் தருவது. வடிவமைத்தவர் ஆண்டனின் ரேமண்ட், அன்றைய பொஹீமியாவில் 1888-ல் பிறந்தவர். அவர் மனைவி நொயெமி, பிரான்ஸில் பிறந்த ஓவியர், டிசைனர். கணவர் கட்டடம் என்றால் துணி, நாற்காலி, உள்ளலங்காரம் எல்லாம் அந்த அம்மாவின் கை. ஃப்ராங்க் லாய்ட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டப் போனபோது இந்த ஜோடியும் 1919-ல் கூடவே போனது. பிறகு அங்கேயே தனி ஆபீஸ் போட்டு, ஜப்பானியர் வீட்டில் இருந்து எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வெறுமையான, அமைதியான வீடு செய்வதற்கு இவர்களை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோல்கொண்டே வேலை 1937-ல் ஆரம்பித்தது. 1938-ல் ரேமண்ட் குடும்பம் பாண்டிச்சேரிக்கே வந்து சில மாதங்கள் தங்கியது. தளத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் ஜார்ஜ் நகாஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமானுக்கு உலகப் புகழ் பெற்றவர், அப்புறம் ஃப்ரான்டிசெக் சாமர், லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்த செக்காரர். பணம் ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாக நிஜாமிடம் இருந்து வந்தது, அதனால்தான் அந்தக் கோட்டையின் பெயர். நடுவில் உலகப்போர். முடியும்போது 1945 ஆகிவிட்டது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கு வெயில் குறுகின பக்கங்களில் மட்டும் விழும். கண்ணாடி ஜன்னல் கிடையாது. முகம் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள், கையால் திருப்பினால் திறக்கும், மூடும். வெளிச்சமும் காற்றும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கூரை இரட்டை: கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்றுப் போக இடைவெளி. ஏசி போட்டுக்கொண்டு 'காற்றோட்டமான வீடு' என்று விளம்பரம் பண்ணுகிற காலத்தில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு இங்கே முக்கியமானது நிறம். சுவர் கிளிஞ்சல் கலந்த வெள்ளைப் பூச்சு. தரை கருங்கடப்பா. கதவு தேக்கு, பலகைகளுக்கு நடுவே காற்று வருகிற, ஆனால் உள்ளே பார்க்க முடியாத சறுக்குக் கதவு. கைப்பிடி, கொண்டி எல்லாம் பித்தளை, அதுவும் பக்தர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தது. எல்லாமே நியூட்ரல்தான், ஒரு பச்சை, நீலம் கிடையாது. ஆனால் வெள்ளையில் இருந்து கருப்பு வரைக்கும் முழு ஏணியும் இருக்கிறது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் அரைக்கண் பார்வைக்காரருக்கும் சந்தேகம் வராது. நாங்கள் அந்த ஏணியின் மேல் இரண்டு படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் 'டார்க்' என்று ஒதுக்கியிருந்தோம்.

பாண்டிச்சேரி போனபோது நாங்கள் தெருவில் நின்று வெளியில் இருந்து பார்த்ததோடு சரி, அது இன்றும் ஆட்கள் வாழ்கிற இடம். பித்தளைக் கைப்பிடிக் கதையைச் சொன்னதும் மனைவி, "அத்தையோட அண்டாவ உருக்கிடலாமா?" என்றாள். அம்மா ஆட்டோவில் இருந்தே முறைத்தார்.

யோசித்துப் பார்த்தால் நம் பழைய வீடுகளிலும் இது இருந்தது. ரெட் ஆக்சைடு தரைக்கு ஓரத்தில் கருப்பு பார்டர். நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு, அதற்குக் கீழே செம்மண் இட்ட வெள்ளைக் கோலம். கண் தெரியாதவருக்காக இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எல்லாவற்றுக்கும் முன்னோர் விஞ்ஞானம் கண்டுபிடிக்கிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் எந்தப் பாட்டியும் படி தெரியலை என்று சொல்லியிருக்க முடியாது.

என்ன பண்ணினோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. மறுபடி டைலை உடைக்கக் காசும் இல்லை, தெம்பும் இல்லை. படி விளிம்பில் நாலு அங்குல அகலத்துக்குக் கருங்கடப்பாப் பட்டை பதித்து, யூட்டிலிட்டிப் பக்கம் சின்னச் சரிவு கொடுத்தோம். கடப்பா என் கணக்கில் 8. டைலோடு 64 புள்ளி வித்தியாசம், விகிதம் ஆறுக்குக் கொஞ்சம் கம்மி. பாத்ரூம் வாசலிலும் அதே. வெள்ளை ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் கரும்பழுப்புச் சட்டம். கதவுக் கைப்பிடியைப் பித்தளைக்கு மாற்றினோம் (கடையில் வாங்கினது, அண்டா பத்திரமாக இருக்கிறது). ஹால் தரையில் மேற்கு வெயில் விழுகிற இடத்தில் பத்தமடைப் பாய், ஓரம் சுருளாமல் இருக்க அடியில் ரப்பர் ஒட்டி. அம்மா உட்காருகிற இடத்துக்கு மட்டும் தனியாக 4000 கெல்வினில் ஒரு நல்ல லைட். மற்ற இடத்தில் மனைவியின் 3000. இரண்டு வீட்டுக்காரர்கள் இருக்கிற வீட்டுக்கு இரண்டு வெளிச்சம். மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம். சுவரில் கை வைக்கவே இல்லை. மனைவியின் அமைதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கருப்புக் கோடு வந்த பிறகுதான் ஹால் எங்கே முடிகிறது என்று தெரிந்து ரூமுக்கே ஒரு உருவம் வந்த மாதிரி இருக்கு என்று அவளே சொன்னாள்.

வீட்டில் வயசானவர் இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். போனில் கேமராவைக் கருப்பு-வெள்ளைக்கு மாற்றிச் சாயங்காலம் ஆறு மணிக்கு, லைட் போடுவதற்கு முன்னால், வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். கொஞ்சம் ஃபோகஸ் கலைந்திருந்தால் இன்னும் நல்லது. படி, திண்டு, கண்ணாடிக் கதவு, வெள்ளை பேசின் பக்கத்து வெள்ளைக் கமோடு, எது திரையில் காணாமல் போகிறதோ அது அவர்களுக்கும் காணாமல் போகிறது. ஒரு பட்டை டேப் ஒட்டினால்கூடப் போதும். அதற்கு முன்னால் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஆறு மாசம் தள்ளிப் போடாமல்.

அம்மாவுக்கு ஐப்பசியில் ஒரு கண்ணும் தை மாசம் இன்னொரு கண்ணும் ஆபரேஷன் ஆச்சு. உள்ளே வைக்கிற லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டில் இருந்து வந்து ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கினது. 1976-ல் பதினொரு படுக்கையோடு அந்த மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி அரவிந்தரின் பக்தர், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கோல்கொண்டேயைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் என்னவோ போல இருந்தது.

முதல் கண் கட்டு அவிழ்த்த மறுநாள் காலை அம்மா ஹாலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் லென்ஸ் போய்ப் புது லென்ஸ் வந்தால் கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலம் ஏறின மாதிரித் தெரியும், அதுதான் போல என்று நினைத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அப்புறம் அடுத்த கண்ணை.

"ஏண்டா, இவ்வளவு காசு போட்டு அழுக்கு வெள்ளையா அடிச்சு வச்சிருக்கீங்க? கொஞ்சம் நீலம் போட்டிருக்கக் கூடாதா?"

மனைவி சமையலறையில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. மீந்த கடப்பாத் துண்டு ஒன்று பால்கனியில் கிடந்தது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்ச் சாமி அலமாரியில் விளக்குக்கு அடியில் வைத்துவிட்டார். சொம்பும் இப்போது அங்கேதான் இருக்கிறது.